முப்பத்தொன்றாம் நம்பர் வண்டி

மெத்தைக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓர் இன்ஜினைக் காட்டி இதில் ரேடியேட்டர் எது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனாலும் அரசாங்கம் பறிமுதல் செய்த வண்டிகளை ஏலம் விடும் மைதானத்தில் அவர் காலை வைத்தால் போதும், பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று கவனிப்பார்கள்.

அதற்குக் காரணம் அந்த ஏலத்தின் சட்டதிட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். சாவி தர மாட்டார்கள். கதவைத் திறக்கக் கூடாது, பானட்டைத் தூக்கக் கூடாது. வரி கட்டாமல் மாட்டியது, கடத்தலில் பிடிபட்டது, தேடி வர ஆளில்லாமல் போனது என்று எல்லாம் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும். முன் கண்ணாடியில் சாக்பீஸால் நம்பர் எழுதியிருக்கும். சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனவே வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த வித்தையைக் காட்டுவார்கள். ஒருவர் தரையில் குப்புறப் படுத்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று டார்ச் அடிப்பார். இன்னொருவர் டயரை எட்டி உதைப்பார். உதைத்து என்ன தெரிந்துகொண்டார் என்று அவருக்கே தெரியாது. மெத்தைக்காரர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாக சீட்டை மட்டும் பார்ப்பார்.

இருபத்தாறு வருஷமாகக் கார் சீட் தைக்கிறவருக்கு வேறு எதைப் பார்க்க வரும்? டிரைவர் சீட்டின் கதவோரம் மட்டும் தேய்ந்திருந்தால் அது ஒரு நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்கிய வண்டி. வீடு வீடாகப் பார்சல் போட்டவனுடையது, கிளட்ச் பிராணனை விட்டிருக்கும். பின் சீட்டில் பிஸ்கெட் கறையும் குழந்தை நாற்காலி அழுத்திய பள்ளமும் இருந்தால் பொறுப்பான குடும்பம், வேகமாகப் போயிருக்க மாட்டார்கள், தைரியமாக எடுக்கலாம். ஒருதடவை பளபளவென்று ஒரு சிவப்புக் கார் வந்தது. ஆளாளுக்கு அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மெத்தைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது டிரைவிங் ஸ்கூல் வண்டிங்க. பக்கத்து சீட்டைப் பாருங்க, நுனி மட்டும் தேஞ்சிருக்கு. சொல்லிக் குடுத்தவர் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்" என்றார். கேட்காமல் எடுத்தவர் அடுத்த மாதமே கியர்பாக்ஸை மாற்றினார்.

இப்படி அவர் மற்றவர்களுக்குப் பார்த்துக் கொடுத்த கார்கள் நாற்பத்து மூன்று. தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள், கடைக்கு வருகிறவர்கள், அவர்களுடைய மச்சான்கள். ஒன்றுகூடச் சோடை போனதில்லை. அவரோ தையல் கடைக்கும் வீட்டுக்கும் நடந்துதான் போவார். "எனக்கு எதுக்குங்க கார், நான் எங்க போறேன்?" என்பார்.

கார் தேவைப்பட்டது அவருடைய மனைவிக்கு. அவரை ஊசியம்மா என்று கூப்பிடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டு வருவார். அவர் குத்தினால் வலிக்காது என்று பெயர். 'முடிஞ்சுதா?' என்று நோயாளி கேட்கும்போது பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். வீட்டில் இரண்டு பேருக்கும் ஊசிதான் பிழைப்பு.

லேப் முதலாளியம்மா ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருக்கும் குடியிருப்புகளுக்கும் ஆள் அனுப்ப முடிவு செய்தார். பஸ் போகாத இடம். அங்கே யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது ஊசியம்மா எழுந்து நின்று, "நான் போறேன். லைசென்ஸ் எடுத்துட்டேன்" என்றார். ஐம்பதை நெருங்கும் வயதில், மூன்று தடவை தோற்று நாலாவது தடவையில் எடுத்த லைசென்ஸ். அதைப் பையில் வைத்துக்கொண்டு நாலு மாதமாக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். முதலாளியம்மா, "சரி, ஒண்ணாந்தேதி வண்டியோட வாங்க. இல்லேன்னா பைக் வச்சிருக்கறவரை அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஒன்றாம் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது.

ஷோரூம் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. சேர்த்து வைத்திருந்த ஒன்றரை லட்சத்துக்கு அங்கே கதவும் ஸ்டீயரிங்கும்தான் தருவார்கள். ஏலத்தில் எடுத்தால்தான் உண்டு. "நாப்பத்து மூணு பேருக்குப் பாத்தீங்க. நாப்பத்து நாலாவது எனக்குப் பாருங்க" என்றார் ஊசியம்மா. மெத்தைக்காரருக்கு மறுப்பில்லை, ஆசைதான். ஆனால் ஒரு பயமும் இருந்தது. காரணம், கறுப்புக் கண்ணாடி.

கறுப்புக் கண்ணாடி என்பவர் பழைய கார் வியாபாரி. மழையிலும் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். ஒரு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை: மெத்தைக்காரர் எந்தக் காரின் முன்னால் நிற்கிறாரோ, அதை மற்றவர்கள் எட்ட முடியாத விலைக்கு ஏற்றிவிட்டுத் தானே எடுத்துக்கொள்வார். முன்னால் எல்லாம் கார்களைப் பார்த்தவர் இப்போது மெத்தைக்காரரின் முகத்தைத்தான் பார்க்கிறார். அவரைப் பார்த்து மற்ற வியாபாரிகளும் அப்படியே. சுருக்கமாகச் சொன்னால், மெத்தைக்காரருக்குப் பிடித்த கார் மெத்தைக்காரருக்குக் கிடைக்காது.

அதனால் புருஷனும் பெண்டாட்டியும் காதும் காதும் வைத்தாற்போல் ஒரு திட்டம் போட்டார்கள். ஊசியம்மாவை மைதானத்தில் யாருக்கும் தெரியாது. முன்பணம் கட்டி நம்பர் அட்டை வாங்கிக்கொண்டு அவர் ஏலம் கேட்பார். மெத்தைக்காரர் எதற்கும் உதவாத ஒரு காரின் முன்னால் நின்று ஏங்குவார். எல்லாரும் அந்தக் காரை விரட்டிக்கொண்டு ஓடும்போது இவர்கள் நல்ல காரைத் தட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை வண்டிகளைப் பார்க்க விட்டார்கள். மெத்தைக்காரர் நடையை நிறுத்தாமலே ஓரக்கண்ணால் பதினேழாம் நம்பரைப் பிடித்துவிட்டார். சின்ன வெள்ளைக் கார். டிரைவர் சீட் ஒரே சீராக அழுந்தியிருந்தது, பின் சீட்டில் யாரும் உட்கார்ந்த சுவடே இல்லை. வயதான யாரோ வாரம் ஒருமுறை கடைக்குப் போய் வந்த வண்டி. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

உதவாத காருக்கு முப்பத்தொன்றாம் நம்பரை வைத்துக்கொண்டார். நீல நிறம், நீளமான வண்டி. எதையோ கடத்தப் போய்ச் சுங்கத்துறையில் மாட்டியது. அதிகாரிகள் சரக்கைத் தேடி உள்ளே இருந்த சீட் அத்தனையையும் கத்தியால் கிழித்திருந்தார்கள். ஸ்பாஞ்ச் வெளியே தொங்கியது, ஸ்பிரிங்குகள் எட்டிப் பார்த்தன. சீட் உருத்தெரியாமல் போன காரைப் பற்றி மெத்தைக்காரரால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. யார் ஓட்டினார், எப்படி ஓட்டினார், ஒன்றும் தெரியாது. கிழிந்த வண்டிப் பக்கமே போகாதீர்கள் என்று நாற்பத்து மூன்று பேரிடமும் சொன்னவர் அவர். அந்தக் காரின் முன்னால் முழுதாக அரைமணி நேரம் நின்றார்.

சாயங்காலம் ஊசியம்மா வெங்காயம் உரித்தபடி கதை கேட்டார். பதினேழைப் பற்றி மெத்தைக்காரர் நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: நல்ல வண்டி, சின்ன வண்டி, செலவு வைக்காது, எடுத்துடு. அப்புறம், "நான் நடிக்கறதுக்குப் பார்த்த வண்டி இருக்கு பாரு" என்று ஆரம்பித்தார்.

"அந்த சீட்டோட சட்டம் இருக்கே, அந்த மாதிரி வேலை இப்ப யாரும் செய்யறதில்ல. தோள்பட்டையைத் தாங்குற மாதிரி வளைச்சிருக்கான். பாவிங்க கிழிச்சுப் போட்டுட்டானுங்க. காபி கலர் ரெக்சின்ல வெள்ளை நூல் போட்டு ரெட்டைத் தையல் ஓட்டினா..." கையைக் கையைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா வண்டி நமக்கு ஆகாது. என்ன ஏதுன்னே தெரியாது. நீ பதினேழுக்குக் கையைத் தூக்கு."

"சரிங்க" என்றார் ஊசியம்மா. வெங்காயம் உரித்து முடிந்தும் நீலக் காரைப் பற்றிய பேச்சு முடியவில்லை.

வியாழக்கிழமை ஏலம். தெரியாதவர்கள்போல் இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு பேரும் தனித்தனி பஸ்ஸில் போனார்கள். மைதானத்து வாசலில் எதிரெதிரே வந்தபோது மெத்தைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "மாத்திரை போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார். "நீங்க யாருங்க?" என்று சொல்லிவிட்டு ஊசியம்மா விடுவிடுவென்று உள்ளே போனார்.

ஏலத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு மணி நேரம் பார்க்கலாம். மெத்தைக்காரர் நேராக நீலக் காரிடம் போய் நின்றார். கறுப்புக் கண்ணாடி பத்தடி தள்ளி நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். இன்னும் பத்தடி தள்ளி, கையில் நம்பர் அட்டையோடு ஊசியம்மாவும் பார்த்தார். மெத்தைக்காரர் கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்தார். உள்ளே பிய்ந்து கிடந்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார், பிறகு அதை அழித்துவிட்டுச் சற்றுத் தள்ளி இன்னொரு கோடு போட்டார். சுற்றி ஆட்கள் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தகரக் கூரைக்குக் கீழே நாற்காலிகள். மெத்தைக்காரர் முன் வரிசையின் ஓரத்தில், மைதானத்துக்கே முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். ஊசியம்மா நடுவில். ஏல அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகப் போய்ப் பதினேழு வந்தது.

"பதினேழு. சின்னக் கார், வெள்ளை. அறுபதாயிரம். யாரு கேக்கறீங்க?"

வியாபாரிகள் ஒருவரும் அசையவில்லை. திட்டம் பலித்துவிட்டது என்று மெத்தைக்காரருக்கு உள்ளுக்குள் குதூகலம். பின் வரிசையில் யாரோ ஒருவர் அட்டையைத் தூக்கினார். எழுபது ஆயிற்று. மெத்தைக்காரர் ஊசியம்மாவைப் பார்த்தார். அட்டை மடியில் இருந்தது. எழுபத்தைந்து. அட்டை மடியிலேயே இருந்தது. மெத்தைக்காரர் இருமினார். இன்னும் பலமாக இருமினார். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." ஊசியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு தரம்!"

போயிற்று. கைக்கெட்டிய கார், கண்ணெதிரே போயிற்று. தூங்கிவிட்டாளா? நம்பரை மறந்துவிட்டாளா? ஒன்றாம் தேதி பைக் வைத்திருக்கிறவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி மெத்தைக்காரரின் கண்முன்னே வந்தது. மூன்று தடவை தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஊசியம்மா அழவில்லை. இந்தத் தடவை அழுதுவிடுவாள் என்று நினைத்தார். அடுத்து வந்த பதின்மூன்று வண்டிகள் எங்கே போயின என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

"முப்பத்தொண்ணு. நீலம். உள்ளே கிழிஞ்சிருக்கு. எண்பதாயிரம்."

ஊசியம்மா அட்டையைத் தூக்கினார்.

மெத்தைக்காரர் பேயறைந்த மாதிரி ஆனார். கறுப்புக் கண்ணாடி தொண்ணூறு என்றார். ஊசியம்மா தொண்ணூற்றைந்து என்றார். கறுப்புக் கண்ணாடி ஒரு லட்சம். ஊசியம்மா ஒரு லட்சத்து ஐயாயிரம். அதற்குமேல் மெத்தைக்காரரால் தாங்க முடியவில்லை. நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து, இரண்டு கையையும் ஆட்டி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து, சத்தம் வராமல் 'வேண்டாம் வேண்டாம்' என்று வாயை அசைத்தார். நடிப்பெல்லாம் பறந்துவிட்டது. மனைவி ஒருத்தியைத் தவிர அவர் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

ஆனால் அவருடைய முகத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, தூக்கப்போன அட்டையைச் சட்டென்று மடியில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் மூன்று வியாபாரிகள் ஒரே நேரத்தில் கையை இறக்கினார்கள். மெத்தைக்காரர் கடைசி நேரத்தில் அந்தக் காரில் என்னமோ கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர்கள் கணக்கு.

"மூணு தரம்! அம்மாவுக்கு!"

கறுப்புக் கண்ணாடிக்கு மனசு கேட்கவில்லை. ஊசியம்மாவிடம் வந்து, "தெரியாம விழுந்துட்டீங்கம்மா. அங்க பாருங்க, அந்தப் பெரியவர் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அவருக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

ஊசியம்மா திரும்பிப் பார்த்து, "ஆமாங்க, பாவம். யாரு பெத்த புள்ளையோ" என்றார்.

பணம் கட்டும் கவுண்டருக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அங்கேதான் மெத்தைக்காரர் வெடித்தார். "பதினேழுன்னு சொன்னேனா இல்லையா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சொன்னீங்க. ரேஷன் லிஸ்ட் படிக்கற மாதிரி சொன்னீங்க. இந்த வண்டியப் பத்திப் பேசும்போது பாதியில சாப்பாடு ஆறிப்போச்சு, அதுகூடத் தெரியல உங்களுக்கு."

"அது நடிப்புடி!"

"நடிப்பா? காத்துல கோடு போட்டுக்கிட்டிருந்தீங்க. சரியில்லன்னு அழிச்சு வேற போட்டீங்க. யாராவது நடிப்புக்கு அழிச்சுப் போடுவாங்களா? ஊருக்கெல்லாம் புடிச்ச காரை எடுத்துக் குடுத்துட்டு, நமக்குன்னு வரும்போது புடிக்காத காரை எடுக்கணுமா?"

மெத்தைக்காரரின் கோபம் பாதியில் நின்றது. "புடிச்சா போதுமா? வேலை போயிடும்மா உனக்கு. இன்ஜின் எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார், குரல் இறங்கி.

"நல்லாத்தான் இருக்கும்."

"எப்படிச் சொல்றே?"

"சீட்டுக்குள்ள சரக்கை ஒளிச்சுக் கடத்தினவன் ஓட்டின வண்டி. வழியில நின்னா அவன் ஜெயிலுக்குப் போகணும். அவன் இன்ஜினை எப்படி வச்சிருப்பான்?"

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கோணம் மெத்தைக்காரருக்குத் தோன்றவே இல்லை. "ஆனா மாட்டிக்கிட்டானே?" என்று பலவீனமாகக் கேட்டார்.

"அதுக்கு இன்ஜின் என்ன செய்யும்?" என்றார் ஊசியம்மா.

நாலு நாள் கழித்துச் சாவி கொடுத்தார்கள். ஏலத்து வண்டிகளுக்கு பேட்டரி செத்துப்போயிருக்கும் என்பதால் தெரிந்த மெக்கானிக் ஒருவர் புது பேட்டரியோடு வந்தார். ஊசியம்மா ஸ்பிரிங் மேலே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. மெத்தைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் தடவை வண்டி ஒரு செருமல் செருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது, பிடித்தது பிடித்தபடி ஓடியது. மெக்கானிக் பானட்டுக்குள் தலையை விட்டுவிட்டு வெளியே வரவே இல்லை. "என்னங்க இது, பெத்த புள்ளையைக்கூட இப்படி வச்சுக்க மாட்டாங்க!" என்று உள்ளே இருந்தே கத்தினார். மெத்தைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தார், அப்புறம் மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்து அவர் சட்டையின் கிரீஸை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டார். வீடு வரும்வரை ஜன்னல் வழியாக ஸ்பாஞ்ச் துணுக்குகள் பறந்தன.

மிச்சம் இருந்த பணத்தில் காபி கலர் ரெக்சின் வாங்கினார். எட்டு நாள் கடையில் வேறு வேலை எடுக்கவில்லை. டிரைவர் சீட்டுக்கு மட்டும் மூன்று நாள் பிடித்தது. ஊசியம்மா குள்ளம், டிரைவிங் ஸ்கூல் வண்டியில் தலையணை போட்டுத்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதனால் உட்காரும் இடத்தை இரண்டு விரல் உயர்த்தினார். பல வருஷமாக இடது தோளில் பெட்டியைச் சுமந்ததில் ஊசியம்மாவுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காருகிற பழக்கம். இடது பக்கம் கொஞ்சம் கெட்டியான ஸ்பாஞ்ச் வைத்தார். மழைநாளில் இடுப்பு பிடித்துக்கொள்ளும் இடம் அவருக்குத் தெரியும், அங்கே மெத்தென்று ஒரு வளைவு வைத்தார். யாரையும் கிட்டே விடவில்லை. ஊசியம்மாவையும்தான்.

ஒன்றாம் தேதி காலையில் கடை வாசலில் நின்ற வண்டியின் சாவியை ஊசியம்மாவின் கையில் கொடுத்தார். ஊசியம்மா ஐஸ் பெட்டியைப் பின் சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். கால் பெடலில் சரியாகப் பட்டது. முதுகைச் சாய்த்தார். சாய்ந்தவர் இடுப்புப் பக்கம் கையை விட்டு அந்த வளைவைத் தடவிப் பார்த்தார்.

"எப்ப அளவு எடுத்தீங்க?"

"அளவு எடுக்கலையே" என்றார் மெத்தைக்காரர்.

ஊசியம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏறுங்க. ரெண்டு தெரு கூட்டிட்டுப் போயி இறக்கி விடறேன். சொந்தக் கார்ல உக்காந்து பாருங்க."

மெத்தைக்காரர் ஏறினார். எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. முதல் தெரு முடிந்தது. டீக்கடைக்காரர் பார்த்துக் கையை ஆட்டினார். இரண்டாவது தெருவும் பாதி வந்துவிட்டது.

"ஏம்மா, பெரிய ரோடு வழியா சுத்திக்கிட்டுப் போலாமா?" என்று கேட்டார்.

"எனக்கு நேரமாகுதுங்க. முதல் நாளே லேட்டாப் போகச் சொல்றீங்களா?" என்று சொல்லிக்கொண்டே ஊசியம்மா வண்டியைப் பெரிய ரோட்டுப் பக்கம் திருப்பினார்.